விக்குக்கு எண்ணெய் வைக்காதே

அன்புள்ள அம்மாவுக்கு,

கடைசி கீமோ ஊசிக்குப் பிறகு வாய்க்கசப்பு குறைந்ததா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? எனக்கு ஒரு குறையும் இல்லை. நேற்று எங்கள் விக் கடைக்கு ஒரு பெண்மணி தன் விக்கைத் தேங்காய் நாராக்கிக் கொண்டுவந்தார். போட்டுக்கொண்டே தூங்கியது அவர், திட்டு வாங்கியது நான். அதை விடு.

வீட்டுக்கு வந்தால் தங்கச்சியின் போன். "நீ அனுப்புன விக்குக்கு அம்மா எண்ணெய் தடவுறாங்க. தலைன்னா எண்ணெய் வெக்காம எப்படின்னு கேக்கறாங்க. தூங்கும்போதுகூடக் கழட்டறதில்ல" என்றாள். எங்கே போய் முட்டிக்கொள்வது? ஊருக்கெல்லாம் சொல்லித் தருகிறேன், நம் வீட்டில் என் பேச்சு எடுபடவில்லை. போனில் சொன்னால் காதில் வாங்க மாட்டாய் என்றுதான் எழுதுகிறேன்.

எண்ணெய் பட்டால் அது சிக்குப் பிடித்துப் பாழாகிவிடும். பச்சைத் தண்ணீரில் ஷாம்பு கலந்து முக்கி எடு, கசக்காதே. காய்ந்ததும் நுனியிலிருந்து சீவு. படுக்கும்முன் கழற்றி, கவிழ்த்த செம்பின் மேல் மாட்டி வை.

அப்பா பார்த்துவிடுவார் என்றுதானே கழற்ற மாட்டேன் என்கிறாய்? அவர் வழுக்கையோடு நீ இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தவில்லையா?

தங்கச்சியிடம் சொல்லி, விக் இல்லாமல் ஒரு படம் எடுத்து அனுப்பு. இங்கே நாள் முழுக்க மொட்டைப் பொம்மைத் தலைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் தலையை இன்னும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

முதலாளி கூப்பிடுகிறார்.

உன் மூத்த மகள்