டிப்போவைச் சுற்றி ஒரு நடை

நம்ம பாப்பாவோட அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் முழங்கால் வலி தேவலையா?

போன வாரம் டிரைவர்களுக்கெல்லாம் உடம்பு பார்த்தாங்க. எனக்குச் சர்க்கரை இன்னும் வரலை, வாசல்ல நிக்குதாம். பயப்படாதே. "இப்ப மாத்திரை வேண்டாம். இந்த வயசுல விடாம நடந்தா பல வருஷம் அதைத் தள்ளி வைக்கலாம், இதயத்துக்கும் நல்லது"ன்னு டாக்டரம்மா சொன்னாங்க.

நாள் பூரா பஸ் ஓட்டி இடுப்பு விட்டுப்போகுது. ஆனாலும் வேலை முடிஞ்சதும் டிப்போவைச் சுத்தி நடக்கறேன். "பஸ்ஸைத் தொலைச்சிட்டீங்களா அண்ணே?"ன்னு மெக்கானிக் கேலி பண்றான். நேத்து பாதியிலேயே உட்கார்ந்துட்டேன். வேற ஒண்ணுமில்லை, அசதிதான்.

தடிமனான காலுறை ரெண்டு ஜோடி அனுப்பு. நான் நடக்கற நேரத்துக்கு போன் பண்ணு. பேச ஒண்ணும் இல்லாட்டியும் பரவாயில்லை. நீ பாத்திரம் தேய்க்கற சத்தம் காதுல விழுந்தாலே இன்னும் ஒரு சுத்து நடந்துடுவேன்.

வண்டி எடுக்கக் கூப்பிடறாங்க.

உன் வீட்டுக்காரன்