கழிப்பறை வாசலில் உன் சிரிப்பு

என்னைப் போலவே பொறுமை இல்லாத என் அம்மாவுக்கு,

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபம் வந்துவிடும். அக்காவுக்கு ரவாங் பேக்டரியில் சூப்பர்வைசர் வேலை கொடுத்துவிட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் என்னைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனாள். எங்கே தெரியுமா? அசாம் ஜாவா போகிற வழியில், நீ வெட்டிய ரப்பர் பாலைத் தூக்கிக்கொண்டு போய் நிறுவைக்கு நிற்பாயே, அந்த ஸ்டோருக்கு.

அதை இப்போது ஜப்பான் சாப்பாட்டுக் கடையாக மாற்றிவிட்டார்கள். ஜப்பானையும் நம்ம ஊரையும் கலந்து சமைக்கிறார்களாம். கோலாலம்பூரிலிருந்து பெரிய காரில் வந்து இறங்குகிறார்கள். முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் மேசை கிடையாது. நான் ஏர்கான் வேலை பார்க்கிறவன், என் கண் நேராகக் கூரைக்குத்தான் போனது. குளிர்க் குழாய்க்கு உறையைச் சரியாகச் சுற்றவில்லை. எங்கள் மேசைக்குப் பக்கத்திலேயே சொட்டிக்கொண்டிருந்தது.

"வேலைக்கா வந்தே? வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு லா," என்றாள் அக்கா.

சாப்பாடு மோசம் என்று சொல்லமாட்டேன். மிளகு ரசத்தில் நூடல்ஸ் போட்டுக் கொண்டுவந்தார்கள், இரண்டு பேரும் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தோம். ஆனால் மெனுவில் 'எஸ்டேட் ரோல்' என்று ஒன்று இருந்தது. டின் சார்டின் மீனை மிளகாய்ச் சம்பல் போட்டுப் புரட்டி, சோற்றுக்குள் வைத்து, கடல்பாசித் தாளில் சுருட்டியிருக்கிறார்கள். சம்பளத்துக்கு முந்தின வாரம் நீ செய்வாயே, அதே சார்டின். விலையைச் சொல்லமாட்டேன், எழுந்து வந்துவிடுவாய்.

எந்தச் சாமான் எங்கிருந்து வந்தது என்று மெனுவில் விவரமாகப் போட்டிருந்தார்கள். அரிசி சுங்கை புரோங் வயலில் விளைந்தது. உப்பு ஜப்பானில் ஏதோ ஒரு கடற்கரையில் எடுத்தது. முட்டைக்குக்கூட எந்தப் பண்ணை என்று பேர் இருந்தது. பரவாயில்லையே, ஒழுங்காகச் செய்கிறார்களே என்றுதான் நினைத்தேன்.

கை கழுவப் போன அக்கா திரும்பி வரவில்லை. தேடிக்கொண்டு போனேன். கழிப்பறைக்குப் போகும் நடையில், பெண்கள் கதவுக்குப் பக்கத்தில், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு சுவரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு பணிப்பெண் நின்று, "மேடம், டாய்லெட் இந்தப் பக்கம்," என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சுவரில் நீ இருந்தாய் அம்மா.

பெரிய கறுப்பு வெள்ளைப் படம். தலையில் துண்டு, அப்பாவின் முழுக்கைச் சட்டை, இடது கையில் உளி. அந்தத் தோட்டத்தில் இடது கையால் பால் வெட்டியவள் நீ ஒருத்திதானே? ஏறிய முன்பல்லும் தெரிந்தது, ஏனென்றால் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். "காமிராவோட ஒருத்தன் வந்தான், படம் அனுப்புறேன்னான், அனுப்பவே இல்ல," என்று சொல்வாயே, அந்தப் படம். அக்கா அப்போது உன் வயிற்றில். அவளும் அந்தப் படத்தில் இருக்கிறாள் என்றுதான் சொல்லவேண்டும்.

வீட்டில் உன் படம் என்று எது இருக்கிறது? ஐ.சி. அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறோம். வேலை வாங்குகிற மண்டோரிடம் திட்டு வாங்கிய முகம் அதில். அதற்குத்தான் பூ வைக்கிறோம், விளக்கேற்றுகிறோம். நீ சிரித்தால் எப்படி இருப்பாய் என்று அக்கா பிள்ளைகளுக்குக் காட்ட எங்களிடம் ஒன்றுமே இல்லை. அந்தச் சிரிப்பு இங்கே டாய்லெட்டுக்கு வழி காட்டிக்கொண்டிருக்கிறது.

மேனேஜரைக் கூப்பிட்டேன். நம்ம பையன்தான், என் வயது இருக்கும்.

"சார், அது டெக்கோர். டிசைனர் எங்கேயோ பழைய படமா வாங்கிட்டு வந்து மாட்டினது."

"யாருன்னு தெரியுமா?"

"யாரோ எஸ்டேட் பொம்பளை சார். அந்தக் காலத்து ஃபீல் கிடைக்கும்னு..."

"யாரோ இல்ல லா. எங்கம்மா."

படத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், குரலைத் தாழ்த்தினான். "சாரி சார். டெஸர்ட் நாங்க தர்றோம், மாட்சா ஐஸ்கிரீம். காசு வேணாம்."

அக்கா இன்னும் செருப்புப் போடவில்லை. "ஐஸ்கிரீமை நீ சாப்பிடு தம்பி. படத்தைக் கழற்று."

முதலாளிக்குப் போன் போட்டுவிட்டு வந்தான். கழற்றித் தர முடியாதாம், வாங்கின பொருளாம், சுவர் வெறுமையாகத் தெரியுமாம். "வேணும்னா முன்வாசலுக்கு மாத்திடலாம்னு பாஸ் சொல்றார். வர்றவங்க எல்லாம் பக்கத்துல நின்னு செல்ஃபி எடுப்பாங்க. உங்களுக்கும் பெருமைதானே அக்கா?"

"கீழே அம்மா பேரைப் போடுவீங்களா?" என்றாள் அக்கா.

"பேர் போட்டா ஆர்ட் மாதிரி இருக்காதுங்களே."

முட்டைக்குப் பேர் உண்டு. உனக்குப் பேர் போட்டால் கடையின் அழகு கெட்டுவிடும். மழையிலும் கொசுக்கடியிலும் நீ நின்றது இவர்களுக்கு ஒரு ஃபீல். உன்னைப் படம் எடுத்தவன் யாரிடம் கேட்டான்? விற்றவன் யாரிடம் கேட்டான்? உன் வயிற்றில் பிறந்தவர்கள் வந்து கேட்டால் மட்டும் அது கடையின் பொருளாகிவிடுகிறதா?

காரில் வரும்போது அக்கா சொன்னாள்: "அவசரப்படாதே. தெரிஞ்ச லாயர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்."

"நீ கேளு. நான் கழற்றிக்கிறேன்."

"திருட்டுன்னு புடிச்சிட்டுப் போவான்டா."

பிடிக்கட்டும். படம் சாதாரண ஸ்க்ரூவில்தான் நிற்கிறது, பார்த்துவிட்டேன். எங்களுக்கு ஒரு பிரதி எடுத்துத் தருகிறேன் என்று மேனேஜர் சொன்னால் படத்தை அவனிடம் திருப்பிக் கொடுக்கவும் தயார், ஆனால் அந்த நடையில் அது தொங்கக்கூடாது.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடை நிறையக் கூட்டம் இருக்கும்போது போவேன். மேனேஜரைப் பக்கத்தில் நிற்கவைத்துத்தான் கழற்றுவேன். அவன் போலீசைக் கூப்பிடுவான். என்ன போனது என்று போலீஸ் கேட்கும். ஒரு படம். யாருடைய படம்? அப்போது போலீஸ்காரன் என்னிடம்தான் கேட்கவேண்டும் அம்மா. அஞ்சலை, மாரிமுத்துவின் மகள், பால் வெட்டுத் தொழிலாளி என்று எழுத்தெழுத்தாகச் சொல்வேன். அவன் எழுதி முடிக்கிறவரைக்கும் அந்த இடத்தைவிட்டு நகரமாட்டேன்.

உன் வாயை வாங்கிக்கொண்டு பிறந்த
சின்ன மகன்,
முருகேசு