ரத்தம் வருகிற பக்கத்தை விட்டுவிடாதே

என் வாலுப் பெண்ணுக்கு அம்மாவின் ஆயிரம் முத்தங்கள். இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற புது ஆளும் அதைவிடச் சுகமாக இருக்க வேண்டும், காலையில் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு அதுதான். தினமும்தான் போனில் பேசுகிறோமே, அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் எதை ஆரம்பித்தாலும் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே கத்தரித்துவிடுகிறாய், காகிதத்திடம் அந்த வித்தை பலிக்காது. சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, பிளம்பர் இதோ வருகிறேன் என்று சொல்லியே காலத்தை ஓட்டுகிறார். உன் அத்தை முழங்கால் வலி என்று புலம்பிக்கொண்டே தெருவில் ஒரு வீடு விடாமல் போய் வருகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாய், "பல் தேய்க்கும்போது கீழ் ஈறுல ரத்தம் வருதும்மா, அதான் அந்தப் பக்கம் பிரஷ் படாம பாத்துக்கறேன்" என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வருஷம் உன் அப்பா சொன்னதும் அட்சரம் பிசகாமல் இதேதான். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்போது என் வாயைக் கட்டிப்போட்டிருந்தார், இப்போது அவரே "எழுது, நல்லா விவரமா எழுது" என்கிறார். அப்பாவும் மகளும் இதிலாவது ஒத்துப்போகாமல் இருந்திருக்கலாம்.

அவருக்கும் முதலில் பிரஷ்ஷில் லேசாகச் சிவப்புதான் தெரிந்தது. வலி இல்லை, அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரத்தம் வருகிற இடத்தைத் தொடாமல் விட்டால் தானாக ஆறிவிடும் என்று நினைத்தார், யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்போம். ஆறவில்லை, ஈறு வீங்கிச் சிவந்தது, வாயில் ஒரு வாடை வர ஆரம்பித்தது. பல் டாக்டரிடம் போங்கள் என்று நான் சொன்னதற்கு ஒரு டப்பா புதினா மிட்டாய் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் தொழில் என்ன என்று உனக்குத் தெரியும், கண்ணாடிக் கடைக்காரர், நாள் முழுக்க அடுத்தவர் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்று அளவெடுக்கிறவர். வாடிக்கையாய் வரும் கணக்கு டீச்சர் புதுக் கண்ணாடி வாங்கிப்போய் ஒரே வாரத்தில் திரும்பி வந்தார், போட்டால் தலை சுற்றுகிறதாம். அப்பா மறுபடி அளந்து பார்த்தால் இரண்டு கண்ணுக்கும் நடுவில் உள்ள தூரத்தையே தப்பாக எடுத்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் அவர் கை அப்படித் தவறியதே இல்லை. தவறு எப்படி வந்தது என்று அவர் குழம்பி நிற்க, டீச்சர்தான் தயங்கித் தயங்கி, "தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க கிட்ட வந்தப்ப நான்தான் முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கிட்டேன். பல் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்களேன்" என்றாராம். அன்று மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டார். சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை. "இன்னும் எத்தனை பேர் அப்படித் திரும்பிக்கிட்டாங்களோ" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார்.

அதற்குப் பிறகும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அடம். உன் பெரியப்பா பல்லைச் சுத்தம் செய்யப் போய்தான் பல் எல்லாம் ஆடி விழுந்தது என்று அவர் மனதில் பதிந்து போயிருந்தது, உள்ளே போனதும் முதலில் அதைத்தான் சொன்னார். உள்ளே இருந்த டாக்டரம்மா உன் வயதுதான் இருப்பாள். ஒவ்வொரு ஈறாகத் தொட்டுப் பார்த்து, படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஈறு மட்டும்தான் வீங்கியிருக்கு, எலும்பு நல்லா இருக்கு. இந்த நிலையில முழுசா சரியாயிடும். இதை விட்டு எலும்பு கரைஞ்சுட்டா, கரைஞ்சது தானா திரும்ப வளராது. உங்க அண்ணனுக்கு அதுதான் நடந்திருக்கும், சுத்தம் பண்ணதால பல் விழலை" என்றாள். ரத்தம் வருகிறதென்று தேய்க்காமல் விட்டதால்தான் அழுக்கு படிந்து ஈறு புண்ணாகி இன்னும் ரத்தம் வருகிறதாம். அந்த அழுக்கு இறுகிக் காரை ஆகிவிட்டால் பிரஷ்ஷுக்கு அசையாது, அதை அவர்கள்தான் எடுக்க வேண்டும். எடுத்தாள். அப்பா நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்ததைத் தவிர அங்கே வேறு கலவரம் ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாளிலிருந்து வீட்டில் புது ஆட்சி. துணி துவைக்கிற மாதிரி தேய்த்துக்கொண்டிருந்த முரட்டு பிரஷ் குப்பைக்குப் போனது. மென்மையான பிரஷ், அதை ஈறும் பல்லும் சேருகிற இடத்தில் சற்றுச் சாய்த்து வைத்து அழுத்தாமல் சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும், காலையிலும் ராத்திரி படுக்கும் முன்னும். பல் இடுக்குக்கு நூல். முதல் சில நாள் ரத்தம் கூடுதலாகத்தான் வந்தது, "பார், நான் சொன்னேன்ல" என்று பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார். டாக்டரம்மா இதையும் முன்பே சொல்லியிருந்தாள், விடாமல் தேய்க்க வேண்டும் என்று. நானும் பக்கத்திலேயே நின்று தேய்த்தேன், இரண்டு பேரும் நுரை வாயோடு கண்ணாடியில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்ற கோலத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கொஞ்ச நாளில் சிவப்பு குறைந்தது, பிறகு நின்றேவிட்டது. டீச்சருக்கும் சரியான அளவில் புது லென்ஸ் போட்டுக் கொடுத்தாயிற்று.

உனக்கு வருவது பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு அடிக்கடி வருவதுதான், உடம்பில் நடக்கிற மாற்றத்தால் கொஞ்சம் அழுக்குக்கே ஈறு வீங்கிவிடுமாம். மாசமாக இருக்கும்போது பல் டாக்டர் பக்கமே போகக் கூடாது என்று உன் அத்தை சொன்னதை நம்பி உட்கார்ந்திருக்காதே. நான் அந்த டாக்டரம்மாவிடமே நேரில் போய்க் கேட்டுவிட்டேன், "தாராளமா போகலாம், போகத்தான் வேணும், எத்தனை மாசம்னு முதல்லயே சொல்லிடச் சொல்லுங்க" என்றாள். வாந்தி எடுத்தால் உடனே தேய்க்காமல் தண்ணீரால் கொப்பளித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் தேய்க்கச் சொன்னாள். வாய் கொப்பளிக்கிற மருந்தை மட்டும் நம்பி பிரஷ்ஷுக்கு லீவு விடாதே. மாப்பிள்ளை சிகரெட்டை விட்டாயிற்று என்றாரே, உண்மைதானா என்று பார்த்துக்கொள், புகைக்கும் ஈறுக்கும் ஆகவே ஆகாதாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. நேற்று எதிர்வீட்டுக்காரர் வந்து தன் பெருமையை அளந்துகொண்டிருந்தபோது அப்பா என் காதோடு குனிந்து அவரைப் பற்றி ஏதோ கிண்டலாகச் சொன்னார். என்ன என்று எழுத மாட்டேன், ஆனால் சிரிப்பை அடக்க முடியாமல் நான் எழுந்து உள்ளே போக வேண்டியதாயிற்று. உள்ளே போய் நின்ற பிறகுதான் உறைத்தது, ஒரு வருஷத்துக்கு மேலாக, வாடை போன பிறகும்கூட, அந்த மனுஷன் என் காதருகே வந்து எதுவுமே சொன்னதில்லை. சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழுதுவிட்டேன்.

நீயும் உன் பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், என் உயிரெல்லாம் அங்கேதான் இருக்கிறது. இந்த வாரத்துக்குள் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டு எனக்குப் போன் செய், "சரிம்மா" என்று மட்டும் சொல்லித் தப்பிக்கப் பார்க்காதே.

அப்பாவின் ஆசியையும் சேர்த்து அனுப்பும்
உன் அம்மா