ழகரத்தின் வால்

ஐப்பசி 9, வியாழன்.

மிராசுதாரின் காரியக்காரர் இன்று என் சைக்கிள் கடைக்குக் காற்றடிக்க வந்தார். நான் எழுதிய ‘சோழன் சைக்கிள் கடை’ பலகையை அண்ணாந்து பார்த்தார். “ழவுக்கு வாலு ஜோரா இருக்கேப்பா. நீ எழுதுனதா?” என்றார். பெருமையில் “ஆமாங்க” என்று சொல்லித் தொலைத்தேன். “எங்க ஐயா களத்து மதில்ல ‘உழுபவனுக்கே நிலம்’னு எவனோ எழுதியிருக்கான். அதுலயும் இதே வாலுதான்” என்று சிரித்துவிட்டுப் போனார்.

போன மாதம் அந்தக் களத்தில் சங்கக் கொடி நட்டவனை என்ன செய்தார்கள் என்று ஊருக்கே தெரியும்.

எனக்கு நிலம் கிடைக்குமா என்றுகூட நான் நினைத்ததில்லை. சுவரில் தூரிகை வழுக்கிக்கொண்டு போகும் அந்தச் சுகத்துக்காகத்தான் அந்த மதிலில் எழுதப் போனேன். ஆள் வருகிறது, ஓடு என்று கூட வந்தவர்கள் சொன்னபோதும் வாலை முடிக்க நின்றேன்.

சாயங்காலம் விவசாயிகள் சங்கத்து முருகையன் வந்தான். “நாளைக்கிப் பாலத்துல எழுதணும். கோணலா எழுதிடு, ஒன் கைன்னு தெரியாது” என்றான். பழைய பேப்பரில் பழகிப் பார்த்தேன். பத்து ழ கோணலாக வந்தன. பதினொன்றாவதில் கை தானாக வளைந்துவிட்டது. இதுவரை நான் எழுதியதிலேயே அழகு அதுதான்.

யார் கண்ணிலும் படுவதற்குள் கிழித்துவிட வேண்டும். விளக்கை அணைத்துவிட்டுத்தான் கிழிக்க முடியும்.