வாய் திறக்காமல் அம்மா ஓட்டிய குதிரை

கடிவாளத்தை இரண்டே விரலில் பிடிக்கும் என் அப்பாவுக்கு,

நலமா என்று உங்களிடம் கேட்பதில் அர்த்தமில்லை. நேராகச் செய்திக்கு வருகிறேன். அம்மா சிட்டுவை ஓட்டுகிறாள். வண்டியில் பூட்டி இல்லை அப்பா. முதுகில் சேணம் போட்டு, ஹெல்மெட் மாட்டி, பேன்ட் போட்டுக்கொண்டு, ஐம்பத்தாறு வயதில். சிரிக்கிறீர்களா, கோபப்படுகிறீர்களா?

குதிரை வண்டிப் பந்தயத்தில் நீங்கள் வாங்கிய ஷீல்டுகள் இன்னும் டிவிக்கு மேலேதான் இருக்கின்றன. எல்லாவற்றிலும் உங்கள் பெயர். விடியும் முன் எழுந்து கொள்ளு வேகவைத்தது யார்? குதிரைச் சாணி அள்ளியது, குளம்பில் சிக்கிய கல்லைப் பிடுங்கியது யார்? செத்தவரிடம் சண்டை போடக் கூடாதாம். நான் போடுவேன். நீங்கள் இருந்தபோதும் போட்டவள்தானே.

சிட்டு உங்களுக்கும் பெரியப்பாவுக்கும் பாதிப் பாதி. நீங்கள் போனதும் பெரியப்பா அவளைத் தன் வண்டியில் பூட்டிப் பார்த்தார். நகரவில்லை. அவள் கட்டுப்பட்டது இரண்டே குரல்களுக்கு. ஒன்று உங்களுடைய குரல், இன்னொன்று அம்மாவுடையது. வெறுத்துப்போன பெரியப்பா, விராலிமலை ரோட்டில் புதிதாக வந்த ரைடிங் ஸ்கூலில் விட்டுவிடலாம் என்று குட்டியானை லாரியில் ஏற்றினார். வழியில் மிரளாமல் இருக்க அம்மாவும் கூடப் போனாள்.

அங்கே பயிற்சி கொடுப்பவள் ரெஜினா. என்னைவிட இளையவள். அவள் சிட்டுவின் மேல் ஏறி என்னென்னவோ செய்தாள். சிட்டு கல்லாக நின்றாள். வேலிக்கு வெளியே இருந்து அம்மா, "போடி சிட்டு" என்றாள். நடந்தாள். "நில்லுடி" என்றாள். நின்றாள்.

ரெஜினா சிரித்துவிட்டாள். "இது குதிரையில்லங்கம்மா, ஒங்க மக. நீங்களே ஏறிருங்க."

"எனக்கு முட்டி வலி பாப்பா."

"முட்டி வலி நடக்குறவுகளுக்குத்தான். உக்காருறவுகளுக்கு என்ன?"

அப்படித்தான் ஏறினாள். முதல் நாள் இறங்கி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுநாள் காலையில் ரைடிங் ஸ்கூலுக்குப் போக எனக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் நின்றாள். சில வாரத்தில் சிட்டு நம் கொட்டகைக்கே திரும்பிவிட்டாள், ரெஜினா இங்கே வந்து பழக்கினாள்.

டிரஸ்ஸாஜ் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது அப்பா. உங்கள் பந்தயம் மாதிரி முந்துவதற்கு இல்லை. நீள்சதுர மைதானம். ஓரமெல்லாம் ஆங்கில எழுத்துகள். இந்த எழுத்திலிருந்து அந்த எழுத்துக்கு நடக்க வேண்டும், பெருநடை போட வேண்டும், வட்டமடிக்க வேண்டும், அசையாமல் நிற்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க். ஓட்டுகிறவர் என்ன சொன்னார் என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியக் கூடாது. குதிரைக்கு மட்டும் தெரிய வேண்டும்.

சில மாதம் கழித்து ரெஜினா அம்மாவிடம், எதுவரைக்கும் போகணும் என்று கேட்டாள். விழாமல் சுற்றி வந்தால் போதும் என்பாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

"இதுல ஆகப் பெருசு எது பாப்பா?"

"நேஷனல்ஸுங்கம்மா."

"அதுக்கு வயசு பாப்பாகளா?"

"பாக்க மாட்டாங்க."

"அப்ப நாலு வருசத்துல அங்க நிக்கணும்."

நான் கொஞ்சம் கத்தினேன். சிட்டுவுக்கு வயதாகிறது, உனக்கு முட்டி தேய்ந்துவிட்டது, அங்கே வருகிறவர்கள் சின்ன வயதிலிருந்து ஓட்டுகிறவர்கள் என்றேன். "அதான் சொல்லிட்டேன்ல" என்று முடித்துவிட்டாள். ரெஜினா மட்டும் அந்த ஆசையைப் படிகளாக வெட்டித் தந்தாள். போட்டியின் ஆரம்ப வகுப்பில் அறுபது சதவீதம் எடுத்தால்தான் பாய்ச்சல் உள்ள அடுத்த வகுப்பு என்றாள்.

பெரியப்பாவும் ஒரு கெடு வைத்தார். "ஒரு வருசம் பாப்பேன். ஒண்ணும் ஒப்பேறலைன்னா என் பாதி எனக்கு வேணும். வண்டிக்காரன் ஒருத்தன் கேக்குறான். நாலு அடி போட்டா எந்தக் குதிரையும் ஓடும்." நாலு அடி. அதைக் கேட்டதிலிருந்து அம்மா முட்டியைப் பற்றிப் பேசுவதில்லை.

ஊர் என்ன சொன்னது என்று கேட்பீர்கள். ஊர் எப்போதும் சொல்வதைத்தான் சொன்னது. டீக்கடையில் ஒருவர், "புருசன் போனதும் மகாராணி குதிரை ஏறிட்டாக" என்றார். அம்மா சிட்டுவின் மேலிருந்தே, "ஒங்க மாப்பிள்ளை கல்யாணத்தன்னைக்கு ஒரு தெரு ஏறுனாரு. எறங்குறப்ப ரெண்டு பேரு தூக்குனாங்க. நான் தெனம் ஏறுறேன், நானே எறங்குறேன்" என்றாள். டீ ஆற்றியவர் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

மண்ணில் செய்த குதிரையைத் தோளில் சுமந்துபோய்க் கோயிலில் வைக்கும் ஊர் இது. உயிருள்ள குதிரையில் யார் உட்காரலாம் என்பதற்கு மட்டும் ஆயிரம் கணக்கு. காலனிப் பையன் கல்யாண ஊர்வலத்தில் குதிரையில் வந்தபோது நம் தெருமுனையில் இறங்கச் சொன்னார்களே, ஞாபகம் இருக்கிறதா? நீங்களும் அங்கேதான் நின்றீர்கள். ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை? இதை உங்களிடம் நேரில் கேட்டேன். பதில் வரவில்லை. இப்போதும் வராது என்று தெரியும். ஆனாலும் கேட்பேன்.

தண்ணீர் வற்றிய கண்மாயில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஓட்டைக் குடங்களில் எழுத்துகளை எழுதி வைத்துப் பழகினோம். பிறகு சென்னையில் முதல் போட்டி. வெளிநாட்டிலிருந்து வந்த குதிரைகள், எண்ணெய் தேய்த்தது போல மினுமினுப்பு. ஒவ்வொன்றுக்கும் தேய்த்துவிட ஒரு ஆள். ஏறுகிறவருக்கு அந்த ஆளின் பெயர்கூடத் தெரியாது. சிட்டுவின் பிடரியைப் பின்னிக்கொண்டிருந்த அம்மாவிடம் ஒரு பெண் வந்து, "நீங்க யாரோட ஆளு?" என்று கேட்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அம்மா நிதானமாகச் சிட்டுவைக் காட்டி, "இவளோட ஆளு" என்றாள்.

ஆனால் அன்று அறுபதை எட்டாமல் தோற்றோம். காரணம் அம்மாவின் வாய். உள்ளே போனதிலிருந்து, "வாடி என் தங்கம், அங்கிட்டுத் திரும்பு, மெதுவா, மெதுவா" என்று பேசிக்கொண்டே ஓட்டினாள். நம் வீட்டில் குதிரையை ஓட்டுவது என்றால் பேசுவதுதானே. டிரஸ்ஸாஜில் பேசக் கூடாது. பேசும் இடமெல்லாம் மார்க் குறையும். ரெஜினா எத்தனையோ முறை சொல்லியிருந்தாள். தான் பேசுவதே அம்மாவுக்குத் தெரியவில்லை.

"குதிரைகிட்டப் பேசுறது ஒரு குத்தமா?" என்று வரும் வழியெல்லாம் புலம்பினாள். கேள்வி நியாயம்தான். விதி விதிதான்.

ஊருக்கு வந்ததும் அவளே வழி கண்டுபிடித்தாள். சேணத்தில் ஏறியதும் ஒரு வாய் தண்ணீரை ஊற்றி அடக்கிக்கொள்வாள். இறங்கும்வரை விழுங்கக் கூடாது. முதல் நாள் சிட்டு நடுவில் நின்று, கழுத்தைத் திருப்பி அவளையே பார்த்தாள். என்னோடு சண்டையா என்று கேட்பது போல. அம்மாவுக்குச் சிரிப்பு வந்து தண்ணீரெல்லாம் சிட்டுவின் பிடரியில். பிறகு கெண்டைக்கால் பேசக் கற்றது. இடுப்பு பேசக் கற்றது. சிட்டு மெல்ல மெல்ல அதைக் கேட்கத் தொடங்கினாள். ரெஜினா ஒரு நாள் என் காதில், "ஒங்கம்மா சொன்னது எனக்கே தெரியலக்கா, சிட்டுக்குத் தெரியுது" என்றாள்.

போன மாதம் இரண்டாவது போட்டி. பெரியப்பாவின் கெடு முடிய வாரங்களே இருந்தன. ஆரம்ப வகுப்பில் வெளியே நின்று ஒருவர், அடுத்து எந்த எழுத்தில் என்ன செய்ய வேண்டும் என்ற வரிசையை வாசிக்கலாம். நான்தான் வாசித்தேன். அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு ஓட்டினாள். ஒரு திருப்பத்தில் சிட்டு தடுமாறினாள். அம்மாவின் தாடை அசைந்தது. போச்சு என்று நினைத்தேன். வாய் திறக்கவில்லை. கடைசியில் நடுவில் வந்து நின்று வணக்கம் வைத்தாள். வெளியே வந்ததும் அடக்கி வைத்த அத்தனையையும் சிட்டுவின் காதில் கொட்டினாள். என் ராசாத்தி, என் கண்ணு, திருப்பத்துல எங்கடி பாத்த, என்று.

அறுபத்து மூன்று சதவீதம்.

பெரியப்பாவிடம் சொன்னோம். "நூத்துக்கா? எங்க காலத்துல முப்பத்தஞ்சே பாஸு" என்றார். கொஞ்ச நேரம் சிட்டுவின் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றார். "வண்டிக்காரனுக்கு வேற குதிரை பாத்துக்கச் சொல்லிர்றேன்" என்று போய்விட்டார். அவர் திருந்திவிட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சிட்டு நம் கொட்டகையில்தான் இருக்கிறாள்.

இப்போது பாய்ச்சல் பழகுகிறாள் அம்மா. போன வாரம் விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். நேஷனல்ஸ் வரை போவாளா? எனக்குத் தெரியாது அப்பா. உங்களிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. சிட்டுவால் முடியாமல் போகலாம். நாலு வருடம் ஆறாகலாம். ஆனால் இவ்வளவு பெரிதாக ஒன்றை அவள் கேட்டது இதுதான் முதல் முறை. அதை இந்த வீட்டில் யாரும் சின்னதாக்க முடியாது.

ஒரு வாக்கு தருகிறேன். அடுத்த போட்டிக்கும் அதற்கடுத்ததற்கும் நான் அவளோடு போவேன். சிட்டு ஓய்ந்துபோனால் வேறு குதிரை தேடுவேன், சிட்டுவுக்குச் சாகும்வரை கொள்ளும் நிழலும் கொடுப்பேன். எவன் வண்டியிலும் பூட்ட விடமாட்டேன். அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று யார் சொன்னாலும், அதைச் சொல்லும் உரிமை அவளுடைய முட்டிக்கு மட்டும்தான் என்பேன்.

இப்படிக்கு,
குதிரைக்காரி மீனாட்சிக்கும் உங்களுக்கும் பிறந்த மூத்த மகள்,
தமிழரசி