பத்து மணி நேர்காணல்

இந்தாம்மா, எழுந்ததும் முதலில் இதைப் படி. நான் பேக்கரிக்குக் கிளம்பிவிட்டேன்.

நேற்று நீ கிழித்துப் போட்ட கல்லூரிக் கடிதத்தை ஒட்டி, உன் லேப்டாப்புக்கு அடியில் வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் ஹானர்ஸ், அந்த நாலாம் வருடப் படிப்புக்கான நேர்காணல் இன்று பத்து மணிக்கு. அறை எண் கிழிசலில் போய்விட்டது; கல்லூரி வாசலில் கேட்டுக்கொள்.

"ரெண்டு பிள்ள பெத்தவளுக்கு எதுக்கு ஹானர்ஸு?" என்று நேற்று நான் கேட்டது தப்புதான். பிள்ளைகளைச் சொன்னதெல்லாம் சும்மா சாக்கு. போன வாரம் உன் வகுப்புத் தோழி வந்திருந்தபோது, நீங்கள் இருவரும் ஏதோ புரோகிராமைப் பற்றிப் பேசி விழுந்து விழுந்து சிரித்தீர்கள். டீயோடு நின்ற எனக்கு ஒன்றுமே புரியவில்லை. இவள் இன்னும் படித்தால் புருஷன் என்னோடு பேச என்ன மிச்சம் இருக்கும் என்று பயந்துவிட்டேன். அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அடுப்பு மேல் முட்டை அவித்து வைத்திருக்கிறேன், வெறும் வயிற்றோடு போகாதே. சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடு. பள்ளியிலிருந்து பிள்ளைகளை நானே கூட்டி வருகிறேன், முதலாளியிடம் கேட்டாயிற்று.

இன்னொன்று: வீட்டில் ஒத்துழைப்பு உண்டா என்று நேர்காணலில் கேட்பார்களாமே. "நேத்து வரைக்கும் இல்லீங்க, இன்னைலேருந்து இருக்கு"ன்னு தைரியமா சொல்லு.