சீர் பீரோ

அன்புள்ள அக்காவுக்கு,

புது வீட்டுத் தரையில் சாக்பீஸ் கோடுகளைத்தான் முதலில் பார்த்தேன். அப்பா ரிட்டயரானதால் செராமிக் கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறோம். வாடகைக்குக் கிடைத்தது ஓர் அறையும் அடுப்படியும்தான். அப்பா கட்டம் போட்டு எழுதியிருந்தார்: கட்டில், டிவி, உன் கல்யாணச் சீர் பீரோ. என் தையல் மிஷினுக்குக் கட்டமே இல்லை.

"மிஷின் எங்கப்பா?"

"சின்ன வூடும்மா. யாருக்காவது குடுத்துடலாம்."

"அக்கா பீரோவ அனுப்பிடலாமே?" என்றேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவங்க கேக்காம அனுப்புனா, மவள கை கழுவிட்டாங்கன்னு சம்பந்தி பேசுவாங்கடி!"

"இப்ப இடமில்ல, அப்புறம் எடுத்துக்கறோம்" என்று உன் மாமியார் சொல்லி நாலு வருடம் ஆகிறது. பீரோவுக்குள் இருப்பது இரண்டு பட்டுப்புடவையும் பாச்சை உருண்டையும்தான். ஒன்பதாவதோடு நின்ற எனக்கு மிஷினை விட்டால் என்ன இருக்கிறது? ஜாக்கெட் அளவெடுக்கும்போதுதான் நான் நாலு பேரிடம் வாய் திறந்து பேசுகிறேன். இதெல்லாம் தெரிந்தும் பீரோவை எடுத்துக்கொள்ளலாமா என்று நீ உன் மாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்று அப்பாவும் அம்மாவும் புது வீட்டில் பால் காய்ச்சப் போயிருந்தபோது சாமான் ஏற்ற டெம்போ வந்தது. "பீரோ எங்கம்மா போவணும்?" என்று டிரைவர் கேட்டார்.

"ஸ்ரீமுஷ்ணத்துக்குண்ணா" என்று சொல்லி, உன் வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
உன் தங்கை